வெளிநாட்டுல இருக்கற மாற்றுத்திறனாளிகளுக்காக ஒரு அறக்கட்டளை ஆரம்பிக்கறது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஒரு நாட்டுல இருந்துக்கிட்டு இன்னொரு நாட்டு மாற்றுத்திறனாளிகளுக்கு உதவணும்னு நினைக்கறவங்க வழக்கமா கேக்கற கேள்விகளை இங்க ஒண்ணா சேர்த்திருக்கேன். சட்ட விஷயம் நாட்டுக்கு நாடு மாறும், அடிக்கடி திருத்தமும் வரும், அதனால கையெழுத்து போடறதுக்கு முன்னாடி உங்க ஊர் வக்கீல்கிட்டயும் ஆடிட்டர்கிட்டயும் ஒரு தடவை கேட்டுக்கோங்க.

புதுசா ஒண்ணு ஆரம்பிச்சே ஆகணுமா?

பெரும்பாலும் வேண்டாம். இதைச் சொன்னா நிறைய பேருக்கு முகம் வாடுது, ஆனா உண்மை அதுதான். அறக்கட்டளைன்னா வருஷா வருஷம் கணக்கு தாக்கல், போர்டு மீட்டிங், பேங்க் கேக்கற ஆவணங்கள், ஆடிட்னு ஒரு முழு வேலை, அந்த நேரமும் காசும் நேரா உதவிக்குப் போகாது. ஏற்கனவே அந்த நாட்டுல நல்லா வேலை பண்ற அமைப்பு இருந்தா மாசா மாசம் அவங்களுக்குப் பணம் அனுப்பறதே பெரிய உதவி. இல்லன்னா ஏற்கனவே பதிவான ஒரு அறக்கட்டளைக்குக் கீழ உங்க திட்டத்துக்குன்னு தனி நிதியா வச்சு நடத்தலாம், அமெரிக்காவுல இதை ஃபிஸ்கல் ஸ்பான்சர்ஷிப்னு சொல்றாங்க. ரசீது, கணக்கு, பொறுப்பு எல்லாம் அந்த அறக்கட்டளையோடது, திட்டத்தை நடத்தறது நீங்க. ரெண்டு வருஷம் இப்படி ஓட்டிப் பாத்துட்டு, இன்னும் தனியா ஒண்ணு தேவைன்னு தோணினா அப்ப ஆரம்பிங்க, அதுக்குள்ள என்ன வேலை, யாரோட சேர்ந்துன்னு தெளிவாயிருக்கும்.

அங்க இருக்கற மாற்றுத்திறனாளிகளே ஒரு தேவையைச் சொல்லி, அதுக்கு ஆதரவு தர வேற யாரும் இல்லாம, குறைஞ்சது பத்து வருஷம் கூட நிக்க நாலு பேர் தயாரா இருந்தா தனி அறக்கட்டளைக்கு அர்த்தம் இருக்கு.

அங்க ஏற்கனவே யாரு இருக்காங்கன்னு எப்படிக் கண்டுபிடிக்கறது?

மாற்றுத்திறனாளி'களுக்காக' நடக்கற அமைப்பு வேற, மாற்றுத்திறனாளிகளே நடத்தற அமைப்பு வேற. ரெண்டாவதைத் தேடுங்க. பெரும்பாலான நாடுகள்ல பார்வையற்றோர் சங்கம், காது கேளாதோர் சங்கம், தண்டுவட பாதிப்பு உள்ளவங்க குழு, மனநல பாதிப்பை அனுபவிச்சவங்க குழு, இதெல்லாம் சேர்ந்த கூட்டமைப்புன்னு ஏதாவது இருக்கும். 1999ல உருவான இன்டர்நேஷனல் டிசபிலிட்டி அலயன்ஸ் இந்த மாதிரி உலக அளவு, பிராந்திய அளவு அமைப்புகளோட கூட்டணி, அவங்க உறுப்பினர் பட்டியல்ல ஆரம்பிச்சு அந்தந்த நாட்டுக்கு இறங்கி வரலாம்.

கண்டுபிடிச்சதும் முதல்ல கேக்க வேண்டியது, போர்டுல மாற்றுத்திறனாளிகள் எத்தனை பேரு, தலைவரை யாரு தேர்ந்தெடுக்கறாங்க, பெண்கள் இருக்காங்களா, தலைநகருக்கு வெளிய கிளை இருக்கா. அறிவுசார் குறைபாடு உள்ளவங்க, பேச்சு வராதவங்க பல கூட்டமைப்புகள்லயும் வெளிய நிக்கறாங்க, அவங்க பெற்றோர் குழுக்களையும் தனியா தேடிப் பேசுங்க.

எங்க போர்டுலயும் மாற்றுத்திறனாளிகள் இருக்கணுமா? எங்களுக்கு யாரையும் தெரியாதே.

இருக்கணும், ஒருத்தர் அடையாளத்துக்கு இல்லாம முடிவெடுக்கற அளவுக்கு இருக்கணும். தெரியலன்னா தெரிஞ்சுக்கறதுதான் முதல் வேலை, ரிஜிஸ்ட்ரேஷன் அதுக்கப்புறம். 2006ல ஐநா ஏத்துக்கிட்ட மாற்றுத்திறனாளிகள் உரிமை உடன்படிக்கையோட 4வது பிரிவு அவங்களைப் பத்தின முடிவுகள்ல அவங்க அமைப்புகளைக் கலந்து பேசணும்னு அரசாங்கங்களைக் கட்டுப்படுத்துது, 32வது பிரிவு நாடு விட்டு நாடு செய்யற உதவியும் அவங்களைச் சேர்த்துதான் நடக்கணும்னு சொல்லுது. 180க்கும் மேற்பட்ட நாடுகள் ஏத்துக்கிட்ட உடன்படிக்கை இது. அரசாங்கங்களுக்கே இது விதின்னா நாலு பேர் சேர்ந்து ஆரம்பிக்கற அறக்கட்டளைக்கு எந்த விலக்கும் கிடையாதுங்கறது என் கருத்து.

நீடிச்ச அமைப்புகளைப் பாத்தாலும் இதுதான் தெரியுது. பல நாடுகள்ல பார்வையிழப்பைத் தடுக்க வேலை பண்ற சைட்சேவர்ஸை 1950ல ஆரம்பிச்ச ஜான் வில்சன் பார்வையற்றவர். 1991ல மோட்டிவேஷன்ங்கற வீல்சேர் அமைப்பை ஆரம்பிச்சவங்கள்ல ஒருத்தரான டேவிட் கான்ஸ்டன்டைன் வீல்சேர்ல இருக்கறவர், அவங்க முதல் வேலையே பங்களாதேஷ்ல அங்க கிடைக்கற பொருள்ல வீல்சேர் செய்யறதுதான். ஜெர்மனிக்காரரான சப்ரியே டென்பர்கன் பார்வையற்றவர், திபெத்திய எழுத்துக்கு ப்ரெயில் உருவாக்கி 1998ல லாசால பார்வையற்ற குழந்தைகளுக்குப் பள்ளிக்கூடம் ஆரம்பிச்சாங்க. இவங்க யாருக்கும் 'அவங்களுக்கு என்ன வேணும்'னு வெளிய இருந்து ஊகிக்க வேண்டிய நிலைமை இல்ல.

எந்த வேலையை எடுத்துக்கறது? தேவை எல்லாத்துலயும் இருக்கு.

உலகத்துல சுமார் 130 கோடி பேர், அதாவது ஆறுல ஒருத்தர், கணிசமான குறைபாட்டோட வாழறாங்கன்னு உலக சுகாதார நிறுவனம் சொல்லுது. அதனால 'எல்லா மாற்றுத்திறனாளிகளுக்கும் எல்லா உதவியும்'னு நோக்கம் எழுதினா ஒண்ணும் நடக்காது. ஒரு மாவட்டம், ஒரு வகை வேலை, அவ்வளவுதான். தண்டுவடம் அடிபட்டு வீடு திரும்பினவங்களைப் பாத்துக்கறது, காது கேளாத குழந்தைகளோட பெற்றோருக்கு சைகை மொழி சொல்லித் தர்றது, இந்த அளவுக்குச் சின்னதா இருந்தா நல்லாவே செய்யலாம்.

அந்த ஊர்ல யாருக்கு என்ன தேவைன்னு கணக்கெடுக்கறப்ப 'வீட்ல மாற்றுத்திறனாளி யாராவது இருக்காங்களா'ன்னு கேக்காதீங்க, பல குடும்பங்கள்ல இல்லன்னு சொல்லிடுவாங்க, மறைக்கறதாலயும் இருக்கலாம், வயசானவங்களுக்கு வர்றதை அப்படி நினைக்காததாலயும் இருக்கலாம். வாஷிங்டன் குரூப்னு ஐநா புள்ளியியல் ஆணையத்துக்குக் கீழ 2001ல உருவான குழு ஆறு கேள்வி வச்சிருக்காங்க: பாக்கறது, கேக்கறது, நடக்கறது, ஞாபகம் வச்சுக்கறது அல்லது கவனம் செலுத்தறது, தன்னைத்தானே பாத்துக்கறது, பேசிப் புரிய வைக்கறது, இதுல சிரமம் இருக்கா, எவ்வளவுன்னு. பதில் நாலு: சிரமம் இல்ல, கொஞ்சம், ரொம்ப, முடியவே முடியாது. 'ரொம்ப'வும் அதுக்கு மேலயும் ஏதாவது ஒண்ணுல வந்தாலே கணக்குல சேர்த்துக்கறாங்க. பல மொழிகள்ல கிடைக்குது, காசு கிடையாது, பயன்படுத்திக்கோங்க. ஆனா இது பெரியவங்களுக்கான கேள்வி, குழந்தைகளுக்கு யுனிசெஃப் கூட சேர்ந்து செஞ்ச தனித் தொகுப்பு இருக்கு.

இங்க வீணா கிடக்கற வீல்சேரைச் சேகரிச்சு கன்டெய்னர்ல அனுப்பலாமா?

அதிகமா வர்ற கேள்வி இதுதான், நல்ல மனசோட கேக்கறாங்கன்னும் தெரியும், அதனால கொஞ்சம் விளக்கமா சொல்றேன்.

உலகத்துல சுமார் 8 கோடி பேருக்கு வீல்சேர் தேவை, கிடைக்கறது 5ல இருந்து 35 சதவீதம் பேருக்குத்தான்னு உலக சுகாதார நிறுவனத்தோட மதிப்பீடு. இதைப் படிச்சதும் உடனே அனுப்பணும்னுதான் தோணும். ஆனா வீல்சேர் மூக்குக் கண்ணாடி மாதிரி, ஆளுக்கு ஆள் அளவு வேற. ஆஸ்பத்திரி வராண்டாவுல தள்ளிக்கிட்டுப் போற மடக்கு வீல்சேர் கொஞ்ச நேரம் உக்கார செஞ்சது. அதுல தண்டுவடம் அடிபட்டு உணர்ச்சி இல்லாத ஒருத்தர் தினம் பத்து மணி நேரம் உக்காந்தா படுக்கைப் புண் வரும், வலி தெரியாததால புண் ஆழமா போனப்புறம்தான் தெரியும், ஆன்டிபயாட்டிக்கும் டிரெஸ்ஸிங்கும் கிடைக்காத கிராமத்துல அது உயிரையே எடுத்துடும். பெருமூளை வாதம் உள்ள குழந்தையைப் பெரியவங்க வீல்சேர்ல உக்கார வச்சா முதுகு வளைஞ்சு நெஞ்சு அழுந்தும், சாப்பாடு விழுங்கறதும் மூச்சு விடறதும் கஷ்டமாகும். அதாவது இலவசமா கொடுத்த பொருளே ஆளை முடக்கிப் போடற நிலைமை வரும்.

அதனாலதான் உலக சுகாதார நிறுவனம் 2008ல வெளியிட்ட வழிகாட்டியில வீல்சேர் கொடுக்கறதை எட்டு படியா பிரிச்சாங்க: ஆளை அனுப்பி வைக்கறது, பரிசோதிச்சு அளவெடுக்கறது, எது வேணும்னு எழுதறது, நிதியும் ஆர்டரும், பொருளைத் தயார் பண்றது, உக்கார வச்சுப் பொருத்தறது, பயன்படுத்தக் கத்துக் கொடுக்கறது, கடைசியா தொடர்ந்து பாத்து ரிப்பேர் பண்றது. 2023ல புது வழிகாட்டி வந்துச்சு, அதுலயும் இது ஒரு சேவைங்கற பார்வை அப்படியேதான் இருக்கு. இந்த எட்டுல கன்டெய்னர் தொடறது ஒரே ஒரு படியைத்தான்.

அப்புறம் ஸ்பேர் பார்ட்ஸ். பத்து நாட்டு பத்து மாடல் வீல்சேர் போய்ச் சேர்ந்தா பத்து அளவு டயர், பத்து வகை பேரிங், அந்த ஊர் சைக்கிள் கடையில ஒண்ணும் கிடைக்காது, ஆறே மாசத்துல திண்ணையில போய் ஒதுங்கிடும். ரால்ஃப் ஹாட்ச்கிஸ்னு அமெரிக்காவுல ஒரு இன்ஜினியர், அவரே வீல்சேர் பயன்படுத்துறவர், நிகராகுவாவுல இருந்த வீல்சேர் பயனாளிகளோட சேர்ந்து வேலை செய்ய ஆரம்பிச்சு, கடைசியில ரஃப்ரைடர் மாதிரி கரடுமுரடான பாதைக்கான மாடல்கள் வந்துச்சு. முன் சக்கரம் அகலம், நீளமான அடிப்பகுதி, சைக்கிள் பார்ட்ஸ் மாதிரி உள்ளூர்ல கிடைக்கற சாமான்ல ரிப்பேர் பண்ணிக்கலாம். அந்த மாதிரி மாடலை அங்க செய்யற, பொருத்தற வொர்க்‌ஷாப்புக்கு ஒரு டெக்னீஷியன் சம்பளம் கொடுத்தீங்கன்னா, அனுப்ப நினைச்ச கன்டெய்னர் செலவுல எவ்வளவோ பேருக்கு அளவா வீல்சேர் கிடைக்கும். கஸ்டம்ஸ்ல மாசக்கணக்கா மாட்டிக்கிட்டு வாடகை ஏறற கதையும் இருக்காது.

காது மிஷினும் இதே கதைதான். காது பரிசோதனை, காதுக்கு அளவெடுத்த மோல்டு, மிஷினை செட் பண்ண ஆள், வாராவாரம் மாத்தற பட்டன் பேட்டரி, இது நாலும் இல்லன்னா மிஷின் டப்பாவுலயே கிடக்கும். செயற்கைக் கால் வளர்ற குழந்தைக்கு ஆறு மாசத்துல இருந்து ஒரு வருஷத்துக்குள்ள மாத்தணும், பெரியவங்களுக்கு மூணுல இருந்து அஞ்சு வருஷம். ஒரு கேம்ப்ல கால் போட்டு அனுப்பினா அடுத்த கால் யாரு போடறது?

ஒரு நல்ல ஹோம் கட்டி அங்கயே வச்சுப் பாத்துக்கலாம்னு இருக்கோம். தப்பா?

தயவு செஞ்சு வேண்டாம். உரிமை உடன்படிக்கையோட 19வது பிரிவு மாற்றுத்திறனாளிகள் எங்க, யாரோட வாழணும்ங்கறதை அவங்களே தேர்ந்தெடுக்கலாம், சமூகத்துக்குள்ள வாழ உரிமை இருக்குன்னு சொல்லுது, 2022ல அந்த உடன்படிக்கையோட ஐநா கமிட்டி விடுதி முறையையே முடிவுக்குக் கொண்டு வர வழிகாட்டி வெளியிட்டாங்க. கட்டிடம்னு ஒண்ணு எழும்பிட்டா படுக்கையை நிரப்பணும், நிரப்ப ஆள் தேடுவாங்க, ஏழைக் குடும்பங்கள் 'அங்கயாவது சாப்பாடும் பள்ளிக்கூடமும் கிடைக்குமே'ன்னு குழந்தையை விட்டுட்டுப் போவாங்க. அனாதை இல்லம்னு சொல்ற இடங்கள்ல இருக்கற குழந்தைகள்ல பெரும்பாலானவங்களுக்கு அம்மாவோ அப்பாவோ உயிரோட இருக்காங்க. அந்தக் குழந்தையை வீட்டுலயே வச்சுக்க அந்த அம்மாவுக்கு என்ன வேணும்னு கேளுங்க: ஒரு சரியான நாற்காலி, பள்ளிக்கூடத்துக்குப் போக வண்டி, வாரத்துல ரெண்டு நாள் பகல்ல பாத்துக்க ஒருத்தர், கொஞ்சம் வருமானம். கட்டிடம் கட்டினா போட்டோவுல நல்லா தெரியும், இது தெரியாது, ஆனா குழந்தை அம்மாகிட்ட இருக்கும்.

ரிஜிஸ்டர் பண்றது எப்படி?

இருக்கற நாட்டைப் பொறுத்தது. இங்கிலாந்து, வேல்ஸ்ல சேரிட்டி கமிஷன், சின்ன குழுக்கள் நிறைய பேர் எடுக்கற வடிவம் சிஐஓ, அதாவது சட்டப்படி தனி அமைப்பா பதிவாகற அறக்கட்டளை, ட்ரஸ்டிகளுக்குத் தனிப்பட்ட கடன் பொறுப்பு வராது. மத்த வடிவங்களுக்கு வருஷ வருமானம் 5,000 பவுண்டைத் தாண்டினா பதிவு கட்டாயம், சிஐஓன்னா தொகை எதுவா இருந்தாலும் பதிவு பண்ணித்தான் ஆகணும். கிஃப்ட் எயிட்னு ஒரு வரித் திட்டம், அதுல வரி கட்டறவங்க கொடுக்கற ஒவ்வொரு பவுண்டுக்கும் அரசாங்கத்துகிட்ட இருந்து 25 பென்ஸ் கூடக் கிடைக்கும், ஆனா அதுக்கு வரித்துறைகிட்ட தனியா அங்கீகாரம் வாங்கணும், இதைப் பலர் கவனிக்கறதில்ல. அமெரிக்காவுல முதல்ல மாநிலத்துல லாப நோக்கில்லாத கம்பெனியா பதிவு, அப்புறம் வரித்துறையான ஐஆர்எஸ்கிட்ட 1023 படிவம் போட்டு 501சி3ங்கற வரிவிலக்கு அந்தஸ்து. ஜெர்மனியில பதிவு சங்கம் ஆரம்பிக்க ஏழு உறுப்பினர் வேணும், வரிச் சலுகை தர்றது அந்த ஊர் வரி அலுவலகம். ஆஸ்திரேலியாவுல வெளிநாட்டுல வேலை பண்ற அறக்கட்டளைகளுக்கு 2019ல இருந்து தனி நடத்தை விதிகள் இருக்கு.

நாட்டுக்கு நாடு விவரம் மாறினாலும் பொதுவா ஒண்ணு நினைவுல வைங்க, 'பணத்தை வாங்கி அப்படியே அங்க தள்ளிவிடற குழாயா இருந்தோம்'னு சொன்னா எங்கயும் ஏத்துக்க மாட்டாங்க. பணம் எதுக்குப் போச்சு, அதை நீங்க எப்படித் தீர்மானிச்சீங்க, எப்படிச் சரிபார்த்தீங்கன்னு காட்டணும். கனடாவுல ரொம்ப நாளா 'வழிநடத்தலும் கட்டுப்பாடும்' உங்ககிட்டயே இருக்கணும்னு கடுமையா இருந்த விதியை 2022ல கொஞ்சம் தளர்த்தி, பதிவில்லாத வெளிநாட்டு அமைப்புக்கும் நிபந்தனையோட மானியம் கொடுக்க வழி விட்டிருக்காங்க.

பணம் வாங்கற நாட்டுல ஏதாவது தடை இருக்குமா?

கண்டிப்பா பாத்துக்கோங்க. நாம இங்க எல்லாத்தையும் சரியா வச்சிருந்தாலும் அங்க வாங்கறவங்க சிக்கல்ல மாட்டுவாங்க, ஜெயிலுக்குப் போற அளவுக்குக் கூட போகலாம். இந்தியாவுல வெளிநாட்டுப் பங்களிப்பு ஒழுங்குமுறைச் சட்டம், 2010ல வந்தது, 2020ல திருத்தினாங்க: பதிவோ முன் அனுமதியோ இல்லாம வாங்கவே கூடாது, பணம் முதல்ல புதுடெல்லியில ஒரு குறிப்பிட்ட ஸ்டேட் பேங்க் கிளையில திறந்த கணக்குக்குத்தான் வரணும், வாங்கினதை இன்னொரு அமைப்புக்குக் கைமாத்தக் கூடாது, நிர்வாகச் செலவுக்கு 20 சதவீத வரம்பு. பங்களாதேஷ்ல என்ஜிஓ விவகாரங்களுக்கான பணியகத்தோட அனுமதி வேணும். எத்தியோப்பியாவுல 2009ல கொண்டு வந்த சட்டப்படி 10 சதவீதத்துக்கு மேல வெளிநாட்டுப் பணம் வாங்கற அமைப்பு மாற்றுத்திறனாளிகள் உரிமை பத்தி வேலையே செய்யக் கூடாதுன்னு இருந்துச்சு, 2019ல புதுச் சட்டம் வந்துதான் அது போச்சு. இந்த மாதிரி விஷயம் அந்த ஊர் ஆளுங்களுக்குத்தான் முதல்ல தெரியும், அவங்க 'இப்ப அனுப்பாதீங்க'ன்னா அனுப்பாதீங்க.

கையில காசு கொண்டு போய்க் கொடுக்கறது, யாரோ ஒருத்தரோட சொந்த அக்கவுண்ட்ல போடறது ரெண்டும் கூடவே கூடாது.

நிர்வாகச் செலவே இல்லாம 100 சதவீதமும் மக்களுக்குன்னு சொல்லலாமா?

சொல்லாதீங்க. அங்க டெக்னீஷியன் சம்பளம், சைகை மொழி பெயர்ப்பாளர், கூட வர்ற உதவியாளரோட பஸ் செலவு, பார்வையற்ற கணக்காளருக்கு ஸ்க்ரீன் ரீடர், ஆடிட் இதெல்லாம் இல்லாம வேலை எப்படி நடக்கும்? மாற்றுத்திறனாளிகள் நடத்தற அமைப்புக்கு இந்தச் செலவு மத்தவங்களை விட கூடத்தான் இருக்கும், அதை பட்ஜெட்லயே தனி வரியா போட்டுக் கொடுங்க. பங்களிக்கறவங்ககிட்ட வெளிப்படையா சொன்னா பெரும்பாலானவங்க புரிஞ்சுக்கறாங்க.

போட்டோ, வீடியோ?

ஆளோட சம்மதம் இல்லாம வேண்டாம், எங்க போடுவோம், எவ்வளவு நாள் இருக்கும்னு அவங்க மொழியில சொல்லிக் கேளுங்க, வேண்டாம்னாலும் உதவி நிக்காதுங்கறதையும் சேர்த்துச் சொல்லுங்க. தரையில தவழற குழந்தையை மேல இருந்து எடுத்த படத்துக்குப் பணம் வரும், அது எனக்கும் தெரியும், ஆனா அந்தக் குழந்தை பெரியவனாகித் தன் பேரைத் தேடினா அதுதான் முதல்ல வரும்.

டாக்டருங்களை ரெண்டு வாரம் கூட்டிட்டுப் போய் ஆபரேஷன் கேம்ப் நடத்தலாமா?

எதுக்குங்கறதைப் பொறுத்தது. பிறவியிலேயே பாதம் உள்பக்கம் வளைஞ்ச குழந்தைகளை எடுத்துக்கோங்க. இப்ப உலகம் முழுக்க ஏத்துக்கிட்டது போன்செட்டி முறை: வாராவாரம் மெதுவா பாதத்தைத் திருப்பி மாவுக்கட்டு, அஞ்சாறு கட்டு, அப்புறம் பெரும்பாலும் குதிகால் தசைநாண்ல ஒரு சின்ன வெட்டு, அதுக்கப்புறம் பிரேஸ் (பாதத்தைத் திருத்தின நிலையிலேயே பிடிச்சு வைக்கற காலணி), முதல் மூணு மாசம் கிட்டத்தட்ட நாள் முழுக்க, பிறகு நாலு வயசு வரைக்கும் தூங்கற நேரத்துல. பிரேஸை விட்டுட்டா பாதம் திரும்ப வளையும். இதுக்கு ரெண்டு வாரம் வந்து போற சர்ஜனை விட, மாவுக்கட்டு போடக் கத்துக்கிட்ட உள்ளூர் ஹெல்த் ஒர்க்கரும், பிரேஸ் தைக்கத் தெரிஞ்ச செருப்புத் தொழிலாளியும், மாசா மாசம் அம்மாவுக்கு போன் பண்ற ஒருத்தரும்தான் முக்கியம். வெளிநாட்டு டாக்டர் போகணும்னா அவங்களுக்குக் கத்துக் கொடுக்கப் போகட்டும்.

பங்களாதேஷ்ல வேலரி டெய்லர்ங்கற இங்கிலாந்து ஃபிசியோதெரபிஸ்ட் 1979ல நாலு நோயாளிகளோட ஆரம்பிச்ச சிஆர்பிங்கற பக்கவாதம், தண்டுவட பாதிப்பு உள்ளவங்களுக்கான மறுவாழ்வு மையம் இன்னைக்கு அந்த நாட்டுக்கே ஃபிசியோதெரபிஸ்டுகளைப் படிக்க வச்சு அனுப்பற இடமா இருக்கு. அவங்க கேம்ப் நடத்திட்டுத் திரும்பி வரல, அங்கயே தங்கினாங்க.

குழந்தைகள், பெண்களோட பாதுகாப்புக்கு என்ன பண்ணணும்?

பணம் அனுப்பறதுக்கு முன்னாடியே எழுதி வைக்க வேண்டியது இது. குளிக்க, உடை மாத்த அடுத்தவங்க உதவி தேவைப்படறவங்க, நடந்ததைப் பேசிச் சொல்ல முடியாதவங்க, இவங்களைத் துன்புறுத்தறவங்க பல சமயம் பாத்துக்கற ஆளாவே இருக்காங்க. வேலைக்கு எடுக்கறப்ப பின்னணி விசாரிப்பு, தனி அறையில ஒரே ஒரு பெரியவர் இருக்கக் கூடாதுங்கற விதி, புகார் சொல்ல அந்த அமைப்புக்கு வெளிய ஒரு ஆள், படமா காட்டிச் சொல்ற அட்டை, சைகை மொழி தெரிஞ்ச பெண் ஒருத்தர். புகார் வந்தா நிதி நிப்பாட்டிடுவோம்னு பயமுறுத்தாதீங்க, அப்புறம் ஒண்ணுமே உங்க காதுக்கு வராது, மறைச்சாத்தான் நிப்பாட்டுவோம்னு சொல்லுங்க.

வேலை நடக்குதான்னு எப்படித் தெரியும்?

'இத்தனை வீல்சேர் கொடுத்தோம்'ங்கற எண்ணிக்கையை விட்டுட்டு, ஒரு வருஷம் கழிச்சு எத்தனை பேர் இன்னும் அதுல தினமும் வெளிய போறாங்கன்னு பாருங்க. எத்தனை குழந்தை பள்ளிக்கூடத்துல சேர்ந்துச்சுன்னு இல்ல, எத்தனை பேர் அடுத்த வகுப்புக்குப் போனாங்க. இதைப் போய்க் கேக்கறவங்களும் மாற்றுத்திறனாளிகளா இருந்தா பதில் உண்மையா வரும்.

ஒருவேளை மூட வேண்டி வந்தா?

ஆரம்பிக்கற பத்திரத்துலயே இதுக்கு ஒரு பிரிவு இருக்கணும், பல நாடுகள்ல சட்டமே கேக்குது: மீதி சொத்து அதே மாதிரி நோக்கம் உள்ள இன்னொரு அறக்கட்டளைக்குப் போகணும், ட்ரஸ்டிகள் பிரிச்சுக்க முடியாது. அதை விட முக்கியம் அங்க இருக்கறவங்களுக்கு முன்கூட்டியே சொல்றது. டெக்னீஷியன் சம்பளமும் சில குழந்தைகளோட பிரேஸும் உங்க பணத்துல ஓடுதுன்னா குறைஞ்சது ஒரு வருஷத்துக்கு முன்னாடி எழுத்துல தெரிவிங்க, அந்த ஒரு வருஷச் செலவுக்கான தொகையை முதல்ல இருந்தே தனி கணக்குல ஒதுக்கி வச்சிருங்க, தொடாதீங்க. கருவிகள், அளவு அச்சுகள், யாருக்கு எப்ப என்ன மாத்தணும்ங்கற ரெஜிஸ்டர் எல்லாம் அந்த ஊர் அமைப்போட பேர்லயே இருக்கட்டும், அப்பதான் நாம இல்லாட்டியும் அடுத்த அளவு பிரேஸை யாராவது ஒருத்தர் தைச்சுக் கொடுக்க முடியும்.